தோற்க வேண்டிய குழாய்

ஒரகடம் வட்டாரத்தில் சூசையம்மாளைப் போலக் கண்ணாடி கழுவ ஆள் கிடையாது. இதை அவளே சொல்லிக்கொள்வாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றையும் பத்துத் தண்ணீரில் அலசுவாள். எண்ணிக்கை தவறாமலிருக்க அலசலுக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. பத்து ஜெபம் முடியும்போது குழாய் பளபளக்கும்.

1983இல் அந்த ஆய்வுக்கூடத்து டாக்டர் தேவநாதன் மறைமலை நகர்த் தொழிலாளர்களின் ரத்தத்தை வாங்கி, கொரோனா என்ற சளிக் கிருமியோடு மோதவிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெயரைக் கேட்டு அன்றைக்கு யாரும் பயப்படவில்லை. குழாயின் அடியில் உயிரோடு வளரும் செல்கள் இருக்கும். கிருமியின் மேலெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளால் செல்லைப் பற்றித்தான் அது உள்ளே நுழையும். ஏற்கெனவே அந்தக் கிருமியைச் சந்தித்த உடம்பின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறியிருக்கும். அது ஓடிப்போய் முள்ளிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கிருமிக்குப் பிடி ஏது? செல் பிழைத்துக்கொள்ளும்.

ரத்தம் ஊற்றும் குழாய்களில் ஒன்று மட்டும் கட்டாயம் தோற்க வேண்டும். கிருமியையே பார்த்திராதவரின் ரத்தம் ஊற்றிய குழாய் அது. அதிலும் செல் பிழைத்தால் சோதனையே குப்பை. “எனக்கு ஜென்மத்துல சளி புடிச்சதில்ல” என்று எப்போதும் பீற்றிக்கொள்வாளே, அந்தச் சூசையம்மாளின் ரத்தத்தைத்தான் அதற்கு எடுத்தார்கள்.

மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் அவள் குழாயில் செல்கள் ஜம்மென்று இருந்தன.

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. “எல்லாம் நீ அலசுற லட்சணம்! ஒட்டிக்கிட்டிருக்கிற சோப்புலயே கிருமி செத்துப்போகுது. ஜெபம் பண்ணிக்கிட்டே கழுவினா இப்படித்தான். நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

வேலை போனால் செங்கல் சூளை இருக்கிறது. ஆனால் ஒழுங்காகக் கழுவத் தெரியாதவள் என்ற பேரோடு போவதா? சூசையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதனை செய்யும் இந்திராணியிடம் திரும்பினாள்.

“ரத்தமே ஊத்தாம வெறும் கிருமி போட்ட டியூபு ஒண்ணு கீதே, அது இன்னா ஆச்சு?”

“அதுல செல்லு மொத்தமும் செத்துப்போச்சுக்கா.”

“அதையும் நான்தானே கழுவுனேன்? அதே சோப்பு, அதே தண்ணி. அதுல சாவாத கிருமி என் ரத்தம் ஊத்துன டியூபுல மட்டும் ஏன் சாவுது? சோப்பு ஆள் பாத்தா வேலை செய்யுது, டாக்டரய்யா?”

டாக்டர் கோபக்காரர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர்.

“உண்மையிலேயே உனக்குச் சளி வந்ததில்லையா?”

“இல்லீங்க. வூட்ல புள்ளைங்க மூணும் மூக்கு ஒழுகிக்கினு என் மேலயேதான் கெடக்கும். எனக்கு ஒரு தும்மல்கூட வராது.”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிருமி இவளிடம் வராமல் இல்லை. வந்து, இவளுக்கே தெரியாமல் உதைபட்டுப் போயிருக்கிறது.

இந்த முறை இந்திராணியே குழாய்களைக் கழுவினாள். சூசையம்மாளின் ரத்தத்தை மேலும் மேலும் நீர்க்கக் கரைத்து ஊற்றினார்கள். ஆறாம் நாள் முடிவு வந்தது. நூற்றறுபது மடங்கு நீர்த்த பிறகும் அவள் ரத்தம் கிருமியைச் செல்லிடம் அண்டவிடவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு ரத்தமும் அந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

“தப்பு என் மேலதான். உன் கையில இல்லை” என்றார் டாக்டர், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு நுண்ணோக்கியின் முன்னாலிருந்த தன் நாற்காலியை விட்டு எழுந்தார். அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

“உட்காரு. நீயே பாரு.”

சூசையம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வெளிச்சத்தில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு பரவியிருந்தன, ஒன்றுகூடக் குறையாமல்.

“இத்தினியும் நான் காப்பாத்துனதா?”

“நீதான்.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் குறிப்பெழுத நாற்காலிக்காகக் காத்து நின்றார். நிற்கட்டும் என்று சூசையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.