இரண்டு பேருக்கு அனுமதி

ஒன்பது வருடம் கழித்துத்தான் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. கேமரா ரிப்பேர் கடையில், ஒரு பழைய லென்ஸுக்குள் பூத்திருந்த பூஞ்சணத்தை லென்ஸ்காரர் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். மாடியில் குடியிருக்கும் அவருடைய தங்கை கடைக்குள் வந்து உறையை மேஜைமேல் வைத்தாள்.

"உன் பேரும் அண்ணி பேரும் ஒரே கவர்ல வந்திருக்கு. மழை வரும்போல" என்றாள்.

கைகளைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். வரும் பருவத்தில் ஐந்து நாள் தீவில் தங்கிப் பறவைகளைப் படமெடுக்க அனுமதி. இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். பெயரை மாற்ற முடியாது. ஒருவர் வராவிட்டால் மற்றவருடைய அனுமதியும் ரத்து.

கரையிலிருந்து இரண்டு நாள் படகில் போக வேண்டிய தீவு அது. ஒரு காவலாளியைத் தவிர அங்கே மனிதர்கள் கிடையாது. இருப்பதெல்லாம் வெள்ளை ஆலாக்கள். கூடு கட்டத் துப்பில்லாத பறவை. வெறும் கிளையில் ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டு, காற்றடித்தாலும் அது விழாமல் பார்த்துக்கொள்ளும். காலண்டரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை நேர்ல பாக்கணும்" என்றவள் அவர் மனைவி. அன்றைக்கே இருவருமாக விண்ணப்பம் போட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவருக்கு இங்கே கடை. முதலில் வாரம் ஒருமுறை போய்வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, அப்புறம் கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொண்டதோடு சரி. சண்டையும் இல்லை, கோர்ட்டும் இல்லை. அறுந்த கயிறு என்றால் முடிச்சுப் போடலாம், இது நைந்துபோன கயிறு. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு மறுபடி இந்த ஊருக்கே மாற்றலானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு எடுத்துக்கொண்டாள். அவரும் எதுவும் கேட்கவில்லை.

கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு மூன்றாம் நாள் போன் செய்தார்.

"நான்தான்."

"தெரியுது. யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. தீவுலேருந்து லெட்டர் வந்திருக்கு."

"இருங்க" என்று சொல்லிவிட்டு யாரிடமோ, "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க... ம், விடலாம்" என்றாள். லென்ஸ்காரரும் மூச்சை விட்டார். அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"எந்தத் தீவுன்னு கேப்பேன்னு நெனச்சீங்களா?" என்றாள் அவள். "சனிக்கிழமை எனக்கு லீவு. கடைக்கு வரேன்."

இப்படி ஆரம்பித்ததுதான். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு வருவாள். உடைந்த கேமராக்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜைமேல் காகிதத்தை விரிப்பாள். ஆளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால், தராசில் ஒவ்வொரு பொருளாக வைத்து எழுதினார்கள். பெரிய லென்ஸ் மட்டுமே நாலு கிலோ.

"இதுக்குப் பதிலா ஒரு கைக்குழந்தைய தூக்கிட்டுப் போகலாம்" என்றாள்.

"கைக்குழந்தை அழும். இது அழாது."

"மழைல நனைஞ்சா நீங்க அழுவீங்களே."

அவர் சிரித்தார். இந்தக் கடைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று மாடியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காதவள்போலப் போய்விட்டாள்.

வெளியூர் விதை ஒன்றுகூடத் தீவில் விழக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. செருப்பு, பை, துணிமணி எல்லாவற்றையும் சோதித்துத்தான் ஏற்றுவார்களாம். ஒரு சனிக்கிழமை முழுக்க அவள் தரையில் உட்கார்ந்து, இருவருடைய பூட்ஸையும் மடியில் போட்டுக்கொண்டு, அடிப்பள்ளங்களில் ஒட்டியிருந்த புல் விதைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவருடைய பூட்ஸைத்தான் முதலில் எடுத்தாள். லென்ஸ்காரர் வேலை செய்வதுபோல் குனிந்துகொண்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அந்த விரல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு யோசனை போயிற்று.

அவளைச் சீக்கிரம் அனுப்ப மனமில்லாமல் முடிந்த வேலையைக்கூட முடியவில்லை என்பார். பாட்டரியை இரண்டாம் முறை எடை போடுவார். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் பத்து போதுமா, பன்னிரண்டு வேண்டுமா என்று அரைமணி நேரம் பேசுவார். அவள் பஸ் ஏறிப் போன பிறகு, அவள் உட்கார்ந்த முக்காலியை நகர்த்தாமல் அடுத்த சனிக்கிழமைவரை அப்படியே விட்டுவைப்பார்.

இத்தனைக்கும் நடுவே அவர் ஒரு விஷயத்தை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக மறைத்துவைத்திருந்தார். அது ஐந்தாவது சனிக்கிழமை வெளிப்பட்டது.

வாடிக்கையாளர் ஒருவரின் லென்ஸில் ஒரு திருகாணி கழன்றிருந்தது. லென்ஸ்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அதை மாட்டினார். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"எப்பவும் வலது கண்ணுலதானே வெப்பீங்க?"

"எதுல வெச்சா என்ன?"

"இருபது வருஷமா வலது கண்ணு." எழுந்து வந்து அவருடைய இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். "என் முகம் தெரியுதா?"

ஓரம் தெரிந்தது. காதும் தோளும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு குழி.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இது இதுக்கு மேல மோசமாகாது, ஆனா திரும்பியும் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

தீவில் படகுத்துறை கிடையாது. அலை தூக்கும்போது சின்னப் படகிலிருந்து தாவி, பாறையில் அடித்திருக்கும் இரும்புப் படியைப் பிடிக்க வேண்டும். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினாலே அவருக்கு வெளியே போகிறது. அது அவளுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"எப்படித் தாவுவீங்க?"

"தாவிடலாம்னு..."

"செத்துட்டா?"

"சொன்னா உனக்கும் ரத்தாயிடும். நீ பாக்கணும்னு ஆசப்பட்டது."

"ரெண்டு வருஷமா நான் இதே ஊர்லதான் இருக்கேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் சுட்டது. "தெருவுல போறவங்க எலும்பெல்லாம் எனக்குத் தெரியுது. உங்களுக்குக் கண்ணு போனது தெரியல. நீங்க சொல்லல. அப்பவும் எதையும் சொல்ல மாட்டீங்க, இப்பவும் சொல்ல மாட்டீங்க."

காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். லென்ஸ்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு உட்கார்ந்து, தீவு அலுவலகத்துக்கு உள்ளது உள்ளபடி எழுதினார். எனக்கு ஒரு கண் பார்வை இல்லை, என்னால் படியில் தாவ முடியாது. என் மனைவி நல்ல உடல்நிலையில் இருக்கிறார், பொறுமைசாலி, என்னைவிட நல்ல படம் எடுப்பவர். அவரை மட்டுமாவது அனுமதிக்க வேண்டும். கடைசி வரியை எழுதி முடிப்பதற்குள் அரைமணி நேரம் ஆயிற்று.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே, கை உடைந்தவர்களுக்கும் இருமுகிறவர்களுக்கும் நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கனத்த ஈய அங்கியோடு வெளியே வந்தவள் அவரைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல, இதப் படி."

படித்தாள். தீவில் இருக்கும் பெண் காவலாளியோடு ஜோடியாக அவளை இறக்கிக்கொள்வார்கள். அவர் விரும்பினால் ஐந்து நாளும் நங்கூரமிட்ட படகிலேயே இருக்கலாம். தரையில் கால் வைக்கக் கூடாது.

"அஞ்சு நாள் படகுல உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

"பாத்துட்டு இருப்பேன்."

"அங்கேருந்து மரம்கூடத் தெரியாதே."

"தீவு தெரியும்ல."

அவள் கடிதத்தை அங்கிக்குள் வைத்துக்கொண்டாள். வரிசையில் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டு, கதவை மூடும்முன் திரும்பி, "பெரிய லென்ஸுக்குத் தோள்பட்டை வார் தேஞ்சு போயிருக்கு. மாத்தி வைங்க" என்றாள்.

அவர்கள் புறப்பட்ட அன்று கடல் சாதுவாக இருந்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் தீவு கண்ணில் பட்டது. தண்ணீரில் யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பச்சை மூட்டைபோல் தெரிந்தது. சின்னப் படகில் அவள் போனாள். அலை அவளை ஒருமுறை தூக்கியது, இரண்டுமுறை தூக்கியது, அவள் அசையவில்லை. மூன்றாம் அலையில் தாவினாள். பாறைமேல் நின்று கையசைத்தது அவளா காவலாளியா என்று லென்ஸ்காரருக்குத் தெரியவில்லை. இருவருக்கும் சேர்த்தே அவர் கையை ஆட்டினார்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தீவிலிருந்து படகுக்கு ரேடியோவில் பேசுவார்கள். முதல் நாள் அவள் குரல் கரகரவென்று வந்தது.

"முட்டை பாத்தேன்! வெறும் கிளைதாங்க. கைய வெச்சு அணைச்சுப் பிடிக்கணும்போல இருக்கு. ஒரு குஞ்சு இருக்கு, உடம்பெல்லாம் பஞ்சு, பாதம் மட்டும் இவ்வளவு பெருசு. கிளைய அப்படிப் பிடிச்சிட்டு நிக்குது."

"படம் எடுத்தியா?"

"எடுக்காம? ஆனா மொதல்ல சும்மா பாத்துட்டுதான் எடுத்தேன்."

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட அவளை இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. பகலெல்லாம் பைனாகுலரின் ஒரு பாதியில் இடது கண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பச்சை மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வப்போது வெள்ளையாக ஏதோ ஒன்று அதன்மேல் கிழிந்த காகிதம்போலப் பறக்கும். தண்ணீர் கொஞ்ச தூரம்தான். நீச்சல் தெரிந்தவன் போய்விடுவான். அவருக்கு நீச்சலும் தெரியும், போகக் கூடாது என்பதும் தெரியும்.

நான்காம் நாள் மதியமே மழை பிடித்துக்கொண்டது. தீவு மறைந்துபோனது. ஐந்து மணிக்கு ரேடியோவில் இரைச்சல்தான் வந்தது.

"மழைக்கு ரேடியோப் பெட்டிய மூடி வெச்சிருப்பாங்க சார். காலைல பேசுவாங்க" என்றார் படகுக்காரர்.

லென்ஸ்காரர் கால்மணி நேரம் பொறுத்தார். பிறகு, "நான் பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டு, பட்டனை அழுத்தினார்.

"நான்தான்... அங்க எப்படி இருக்கு? கூடாரம் ஒழுகுதா?" இரைச்சல். "இங்க ஒண்ணும் இல்ல, படகு ஆடுது. மத்தியானம் ஒரு ஆலா கிட்ட வந்துச்சு. நிஜமாவே வெள்ளைதான்." இரைச்சல். "உனக்கு மாற்றல் வந்தப்ப நானும் கூட வந்திருக்கலாம். கடைக்கு என்ன, எந்த ஊர்லயும் லென்ஸ்ல பூஞ்சணம் பூக்கும். நீதான் வாங்கன்னு சொல்லணும்னு நெனச்சிட்டேன். நீ எதுக்குச் சொல்லணும்? எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

படகுக்காரர் திடீரென்று ஏதோ கயிறு ஞாபகம் வந்தவராகப் படகின் மறுகோடிக்குப் போனார். மழையில் நனைந்தபடி, நன்றாகவே கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். லென்ஸ்காரர் இன்னும் நிறையப் பேசினார். முக்காலியைப் பற்றிக்கூடச் சொன்னார். எந்தப் பதிலும் வரவில்லை.

மறுநாள் காலை வானம் வெளுத்தது. சின்னப் படகில் அவளை ஏற்றிவந்தார்கள். தலையெல்லாம் பறவை எச்சம், கன்னம் வெயிலில் உரிந்திருந்தது. பெரிய லென்ஸை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள்.

"நேத்து சாயங்காலம் ரேடியோ வேலை செய்யல போல" என்றார் அவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"எங்க பக்கம் பேசற பட்டன்தான் வேலை செய்யல" என்றாள். "கேக்கறது நல்லாவே கேட்டுது. காவலாளியும் கேட்டாங்க."

அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனாள். படகு திரும்பியது. தீவு மூட்டையாகி, புள்ளியாகி, கடலோடு போனது. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஊரில் இறங்கியபோது சாயங்காலம். அவளுக்கு ஒரு பஸ், அவருக்கு வேறு பஸ். அவளுடையதுதான் முதலில் வந்தது. குஞ்சு முதன்முதலாக இறகை விரித்த கதையைப் பாதியில் நிறுத்த முடியாமல் அவள் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டாள். கதை முடிந்த பிறகு வந்த பஸ்ஸையும் விட்டாள். அதற்கு எந்தக் காரணமும் சொல்லவில்லை.

மூன்றாவது பஸ் வந்து நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கண் டாக்டர்கிட்ட எப்ப போகணும்?"

"செவ்வாக்கிழமை காலைல."

"எனக்கு அன்னிக்கு மத்தியானம்தான் டூட்டி. வீட்டுலேயே இருங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. செவ்வாய்க்கு இன்னும் மூன்று முழு நாள் இருந்தது. தன்னுடைய பஸ் வந்து நின்றதும் போனதும் தெரியாமல், லென்ஸ்காரர் அவள் போன சாலையையே ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்.