வாபஸ் வாங்காத டோர்டிஸ்

விடிவதற்கு முன்பே மீன் ஆலையில் பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் எங்கள் வடகரையில் விடியல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கடலுக்கு மேலே சாம்பல் நிறம் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். ஐஸ் தண்ணீரில் ஊறிய காட் மீன் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் கனக்கும். இடது கையால் செவுளைப் பிடித்து, வலது கையால் முள்ளை ஒட்டிக் கத்தியை இழுக்க வேண்டும். ரப்பர் உறைக்குள் விரல்கள் முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். மரத்துப்போன பிறகுதான் ஆபத்து. டோர்டிஸ் அப்படித்தான் தலைவெட்டும் இயந்திரத்துக்கு இரண்டு விரல்களைக் கொடுத்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே முதலாளி ஐலிஃப் நஷ்டம் என்று சொல்லி ஆலையை மூடினான். சில வாரம் கழித்துத் திறந்தான். வாசலில் புதுப் பெயர்ப்பலகை. உள்ளே அதே பெல்ட், அதே மீன், அதே நாங்கள். "இது வேற கம்பெனி. பழைய கூலி பழைய கம்பெனியோட போச்சு" என்றான். குறைந்த கூலிக்கு ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டோம். வெட்கங்கெட்ட பிழைப்பு. டோர்டிஸை மட்டும் அவன் எடுக்கவே இல்லை. அவள் குடியிருந்த ஆலை வீட்டையும் காலி செய்யச் சொன்னான்.

பலகை மாறினாலும் கம்பெனி ஒன்றுதான் என்று டோர்டிஸ் வழக்குப் போட்டாள். கீழ்க்கோர்ட்டில் தோற்றாள். மேல்முறையீட்டிலும் தோற்றாள். கடைசியாக ஒஸ்லோவில் இருக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டாள். ஐலிஃப் எங்கள் சாப்பாட்டு அறைக்கே வந்து சிரித்தான்.

"அங்க வர்ற மனுவுல முக்கால்வாசிய மூணு நீதிபதிங்க பார்த்துட்டு அப்படியே தூக்கிப் போட்டுடுவாங்க. உங்க மீன் நாத்தம் ஒஸ்லோ வரைக்கும் போகாது."

அந்த மூவரும் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவன் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

நானும் ஓட்வாரும் இன்னும் சிலரும் விடுப்புக் கேட்டோம். தர மாட்டேன் என்றான். தராவிட்டால் போ என்று கிளம்பிவிட்டோம். படகிலும் ரயிலிலும் டோர்டிஸ் தன் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். ஓட்வார் எதிரே நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்பான். அவள் தடுமாறாமல் பதில் சொல்வாள்.

நீதிமன்ற வாசலில் எங்கள் வக்கீல் மாரித் அதில் மண்ணைப் போட்டாள்.

"டோர்டிஸ், இங்க நீங்க பேச முடியாது. இந்தக் கோர்ட்டுல யாரும் வந்து சாட்சி சொல்றதில்ல. கீழ்க்கோர்ட்டுல பதிவானத வச்சு வக்கீலுங்கதான் வாதாடுவோம்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

மாரித் அங்கியை எடுக்கப் பையைத் திறந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே அவள்மேல் கடுப்பில் இருந்தேன். இந்த நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை பெற, முதலில் சோதனை வழக்கு நடத்தி நீதிபதிகளிடம் தேற வேண்டுமாம். அவளுக்கு இதுதான் அந்தச் சோதனை வழக்கு.

"எங்க வயித்து மேலயா நீ பரீட்சை எழுதுற?" என்று கேட்டேவிட்டேன்.

"ஆமா. தோத்தா நானும்தான் தோக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டாள்.

சிவப்பு வெல்வெட் கரை வைத்த கறுப்பு அங்கியில், வழக்கை விசாரிக்க ஐந்து நீதிபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். பேப்பர், பேப்பர், ஒரே பேப்பர். எங்கள் குளிரும் ரத்தமும் பக்க எண்ணாகிக் கிடந்தன. மதியம் நெருங்கும்போது ஓரத்தில் இருந்த பெண் நீதிபதி ஐலிஃபின் வக்கீலை நிறுத்தி, "பெயரைத் தவிர வேறு என்ன மாறியது?" என்று கேட்டார். அந்த ஆள் தண்ணீர் குடித்தான். பிறகு பேப்பரைப் புரட்டினான். பிறகு மறுபடியும் தண்ணீர் குடித்தான்.

இடைவேளையில் நடைக்கூடத்தில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம். ஐலிஃப் வந்தான். குரலில் அப்படி ஒரு குழைவு.

"எதுக்கு டோர்டிஸ் இந்த அலைச்சல்? திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. பேக்கிங்ல உட்கார்ந்து பார்க்குற வேலை. வீட்டையும் நீயே வச்சுக்க. வழக்கை மட்டும் வாபஸ் வாங்கிடு."

அவள் சாமான் எல்லாம் மூட்டையாகத் தங்கை வீட்டில் கிடக்கிறது. அவள் சரி என்றால் அவளைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை?

மாரித் தணிந்த குரலில் சொன்னாள்: "முடிவு உங்களோடது. நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. ஒருத்தருக்கு அநியாயம் நடந்துச்சுங்கறதுக்காக மட்டும் இந்தக் கோர்ட்டு வழக்க எடுக்காது. இங்க சொல்றது நாட்டுல எல்லாருக்கும் விதியாகணும், அப்பதான் எடுக்கும். வாபஸ் வாங்கினா தீர்ப்பே இல்ல."

டோர்டிஸ் ரொட்டியை மென்று விழுங்கினாள். எங்களைக் காட்டி ஐலிஃபிடம், "இவங்களுக்குப் பழைய கூலி?" என்றாள்.

"அவங்க கையெழுத்துப் போட்டவங்க."

"நாளைக்குப் பலகைய மாத்தப்போற மத்த ஆலையில இருக்கறவங்களுக்கு?"

"அது உனக்கு எதுக்கு?"

"என் ஒருத்திக்காகன்னா அந்த அஞ்சு பேரு வந்து உட்கார்ந்திருக்கவே மாட்டாங்க ஐலிஃப். என் வழக்குன்னு நெனச்சுத்தான் நானும் வந்தேன். என் வழக்கே இல்ல இது. எனக்குச் சொந்தமில்லாதத நான் எப்படி வாபஸ் வாங்குறது?"

குழைவு போன இடம் தெரியவில்லை. அவன் எங்கள் பக்கம் திரும்பினான். "ராத்திரி விமானம் இருக்கு. நாளைக்குக் காலையில வேலைக்கு நிக்காதவங்க அப்புறம் எப்பவுமே வர வேணாம்."

ஓட்வாருக்கு மூன்று பிள்ளைகள். ஆலையில் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவன். அவன் மாரித்தைப் பார்த்து, "நாளைக்கு இங்க எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறாங்க?" என்று கேட்டான். பிறகு வெளியே போய் ஊருக்குப் போன் போட்டான்.

மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் அதே பெஞ்சில் இருந்தோம். தீர்ப்பு வர வாரங்கள் ஆகும். ஐவரில் மூவர் எங்கள் பக்கம் நின்றால் போதும், நிற்காமலும் போகலாம். வேலை போனது போனதுதான் என்று ஒரு பயம் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்போது பின்கதவு திறந்தது. வரமாட்டோம் என்று ஊரில் தங்கிய எங்கள் ஆட்கள், ஓட்வாரின் போனைக் கேட்டு முதல் விமானத்தைப் பிடித்து, தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். ஐலிஃப் திரும்பிப் பார்த்தான், பார்த்தபடியே இருந்தான்.

டோர்டிஸ் என் விலாவில் இடித்தாள்.

"தள்ளி உட்காரு. இன்னும் ஆளு வருது."