துலுக்காணம் ஏறினால் நிற்கும் வண்டி

"நா வர்ல ஜோதி. நீ உன் வேலயப் பாத்துகினு போ" என்று சொல்லிவிட்டுத் துலுக்காணம் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜோதிலட்சுமி கையில் வண்டிச் சாவியோடு கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள். கோவளத்திலிருந்து விடிகாலையில் மீன் ஏற்றி வந்து, தாம்பரம் மார்க்கெட்டில் விற்றுத் தீர்த்து, வண்டியைக் கழுவி, தானும் குளித்து, அவனுக்கு இட்லியை ஆற வைத்து, எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் இந்தப் பேச்சு. கோபம்தான் முதலில் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குப் பயம் கொஞ்சம் மட்டுப்படும்.

"இன்னாயா பேசுற? போன வாரமும் ஒரு நாளு விட்ட. விட்டா இன்னா ஆவும்னு டாக்டரு சொன்னது காதுல வுழுந்துதா இல்லியா?"

"வுழுந்துச்சு. நீயும்தான பாத்துகினு கீற? மீன ஏத்தினு வர சொல்ல ஜம்முனு வருது. நா ஏறிக் குந்துனா பாலத்து மேல நின்னுடுது. இது போற கேஸுன்னு அந்த வண்டிக்கே தெரிஞ்சி போச்சுமே."

"அப்ப ஆட்டோல போலாம், எய்ந்திரு."

"ஆட்டோவும் நிக்கும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவள் புருஷன் வாழ்க்கை முழுக்க ஸ்டியரிங் பிடித்தவன். அடுத்த தெருவில் போகிற லாரிக்கு என்ன கோளாறு என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லக்கூடியவன். இரண்டு கிட்னியும் கைவிட்ட பிறகு, அவன் இடத்தில் இவள் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். மீன்காரி வேன் ஓட்டுகிறாள் என்று இரும்புலியூரே வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். வாரத்தில் மூன்று நாள் அவனைக் குரோம்பேட்டைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வைத்துக் கூட்டிவந்தால் அவன் இருப்பான், இல்லாவிட்டால் இருக்க மாட்டான். கணக்கு அவ்வளவுதான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வண்டி மட்டும் ஒழுங்காக இருந்திருக்கலாம். மூன்று மாதமாக ஒரே ரோதனை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உடனே எடுக்காது. யோசிக்கும். ஒரு குலுக்கு குலுக்கும். ஏற்றத்தில் அப்படியே மூச்சை விட்டுவிடும். அதுவும் அவன் பக்கத்து சீட்டில் இருக்கும்போது மட்டும். மெக்கானிக் ஆபேல் நல்ல பையன்தான், கை சுத்தமான வேலைக்காரன். அடைப்பாக இருக்கும் என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்தான். புகையைச் சுத்தம் பண்ணி வெளியே அனுப்பும் கன்வர்ட்டர் என்ற டப்பா வண்டிக்கு அடியில் இருக்கிறது, அதுதான் உள்ளே உருகி அடைத்துக்கொண்டது என்றான். "மூக்கப் பொத்திகினு ஓடுன்னா எப்டிக்கா ஓடும்?" என்று கேட்டு, அதை அறுத்து எறிந்துவிட்டு வெறும் பைப்பை வைத்து வெல்டிங் பண்ணிவிட்டான்.

பலன், வண்டி ரெட்டை மாட்டு பலத்தில் கத்த ஆரம்பித்தது. அவள் கோவளத்துக்குக் கிளம்பினால் தெருவுக்கே பொழுது விடிந்தது. புகை கண்ணைக் கரித்தது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்து, என்ன செய்தும் அணையவில்லை. திக்குவது மட்டும் அப்படியே இருந்தது. ஆபேல் பிளக்கை மாற்றினான், ஃபில்டரை மாற்றினான், சென்சாரைக் கழற்றி மாட்டினான். ஒவ்வொரு முறையும் மார்க்கெட் வேலையெல்லாம் முடிந்து சாயங்காலமாகத்தான் வண்டியை அவனிடம் விட முடிந்தது. சாயங்காலத்தில் வண்டி பரம சாதுவாகப் போனது. "நா ஓட்டுனா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குதுக்கா" என்று தலையைச் சொறிந்தான். டயருக்கு எலுமிச்சம்பழமும் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள். விடிகாலையில் கேளம்பாக்கம் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அதே நினைப்புதான். இப்படி ஓடுகிற வண்டி, அவன் ஏறினால் ஏன் நிற்க வேண்டும்? அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை.

செல் அடித்தது. டயாலிசிஸ் மையத்து நர்ஸ் ஷர்மிளா. "அக்கா, இன்னிக்கு அவரு பெட்டை வேற பேஷன்ட்டுக்கு குடுக்கறோம். நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு இடம் இருக்கு. கண்டிப்பா கூட்டிட்டு வந்துடுங்க. இதுக்கு மேல தள்ளினா எமர்ஜென்சிக்குதான் போகணும்."

அவள் போனை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாது. அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அவனை அடித்துவிடுவோம் என்று மட்டும் தெரிந்தது. வண்டியை எடுத்து, வழக்கமான பழக்கத்தில் தாம்பரம் மேம்பாலத்துப் பக்கம் விட்டாள்.

பாலம் ஏறும்போது வண்டி குலுங்கியது. ஒரு திக்கு, இரண்டு திக்கு. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது.

பின்னால் பஸ்காரன் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை. பைக்கில் போன ஒருத்தன் ஜன்னலில் தட்டித் திட்டிவிட்டுப் போனான். ஜோதிலட்சுமி பக்கத்து சீட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. மறுபடியும் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது, நடுரோட்டில், கண்ணில் தண்ணீர் வர வர. அவன் ஏறவில்லை! அவன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறான், வண்டி அவன் இல்லாமலே நின்றுவிட்டது. பாழாய்ப்போன வண்டி, இன்னும் நன்றாக நில் என்று சொல்லத் தோன்றியது.

அவன் இல்லை என்றால் வேறு என்ன? விடிகாலைக்கும் இப்போதுக்கும் நடுவில் நான் இதற்கு என்ன செய்தேன்? அப்படிக் கேட்டுக்கொண்டபோதுதான் காலடியில் சொட்டுச் சத்தம் காதில் விழுந்தது. அவன் சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

நோய் வந்ததிலிருந்து அவனுக்கு மீன் கவிச்சி ஆகாது. கட்டுமரக்காரன் மகன், நண்டு ஓட்டைக் கடித்து வளர்ந்தவன், இப்போது வாடை பட்டாலே ஓங்கரிப்பான். அதனால் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வண்டியைக் கழுவுவாள். சோப்புக்கெல்லாம் அந்த வாடை போகாது. கல்லுப்பும் புளியும் கரைத்து ஊற்றித் தேய்க்க வேண்டும், அவள் அம்மா மீன் கூடையைக் கழுவிய மாதிரி. அவன் உட்காரும் இடத்தில் இன்னும் இரண்டு குடம் கூடுதலாக ஊற்றுவாள்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். இந்த மாதிரி வேனில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். அதன் ஓரமாக ஒயர்கள் ஒன்றுசேரும் ஒரு பிளக் நனைந்து கிடந்தது. பிரித்தால் பித்தளை முள்ளெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், விரல் வைத்தால் உப்பு உதிர்ந்தது. கழுவின ஈரத்தில் திக்குகிறது, காய்ந்தால் ஓடுகிறது. முந்தானையால் துடைத்தாள். கொண்டை ஊசியால் சுரண்டினாள். வாயால் ஊதி ஊதி மூச்சு வாங்கியது. மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே மூச்சில் பாலத்தின் உச்சிக்கு ஏறியது.

இறக்கத்தில் ஓரங்கட்டி ஆபேலுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"உப்புத் தண்ணி ஊத்திக் கழுவுறன்னு நீ சொல்லவே இல்லியேக்கா."

"நீ கேக்கவே இல்லியேடா."

"சும்மா கெடந்த கன்வர்ட்டர அறுத்துட்டனே" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. "ஞாயித்துக்கிழம ஒயரு மாத்தித் தரேன். அதுவரிக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுக்கா. ஈரத்துணி கூட வேணாம்."

அவள் வீட்டுக்குப் போய்த் துலுக்காணத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். கடைசியில், "என்னிய சமாதானப்படுத்த இத்த சொல்ற" என்றான்.

அதனால்தான் மறுநாளும் அவள் லீவு போடாமல் கோவளத்துக்குப் போனாள். மீன் ஏற்றின அதே வண்டி, அன்றைக்கே, அவனை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். அப்போதுதான் அவன் வாய் அடங்கும். மார்க்கெட்டில் மிச்சத்தைப் பக்கத்துக் கடை அம்மணியிடம் தள்ளிவிட்டு, வண்டியைக் கழுவாமல் நேராக வந்தாள். தரையெல்லாம் செதில், மூலையில் ரத்தம் கலந்த ஐஸ் தண்ணீர், வெயிலில் கவிச்சி குப்பென்று அடித்தது. அவன் சீட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை மட்டும் விரித்துவிட்டு, வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். உள்ளே போய்க் கெஞ்சவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தாள். வெறும் பைப் தெருவையே அதிரவைத்தது. ஒரு இடத்திலும் திக்கவில்லை. படுத்துக்கிடந்தாலும் அந்தக் காது கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

துலுக்காணம் வாசலுக்கு வந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். மெதுவாக வந்து கதவைத் திறந்து, சீட்டை ஒரு கையால் தூக்கி அந்தப் பிளக்கைப் பார்த்தான். விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்தான். கரித்திருக்க வேண்டும். அப்புறம் வாடை தாக்கியது. கதவைப் பிடித்துக் குனிந்து ஓங்கரித்தான். வெறும் எச்சில்தான் வந்தது. அவள் இறங்கவில்லை. இறங்கித் தாங்கினால் அப்படியே உள்ளே கூட்டிப் போகச் சொல்லிவிடுவான்.

வாயைத் துடைத்துக்கொண்டு அவன் ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அணைக்கவும் அவளுக்குப் பயம்.

"இன்னா?" என்று கத்தினாள்.

அவனும் கத்தினான். "வண்டியச் சாக்கு சொன்னேன் ஜோதி! என்னால முடியல! ஊசியும் மெஷினும்… முடியல!"

எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"தெரியும்யா!" என்று ஜோதிலட்சுமி கத்தினாள். "எனக்கும்தான் முடியல! ஏறு!"

அவன் சீட்டை இறக்கி, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பிளாஸ்டிக் தாளின் மேல் பக்கவாட்டில் உட்கார்ந்தான். வலது காலைத் தூக்கிச் செதில்களுக்கு நடுவில் வைத்தான். இடது கால், செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கி, வெறுங்காலாக வெளியே தெருப்புழுதியில் இருந்தது. துண்டு அவன் மூச்சுக்கு ஏறி இறங்கியது. அவள் கியரைப் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமல், அதுவும் உள்ளே வரட்டும் என்று அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.