சாளைக் கூட்டம் என்று எழுதிய இடம்

மீன் கூட்டம் மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்குமா? பாஸ்கல் மூன்று நாள் காகிதங்களையும் சர்வே லாஞ்சின் மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். லாஞ்சின் அடியிலிருந்து போகிற சத்தம் கடலடியில் பட்டுத் திரும்பும். திரும்பிவந்த நேரத்தைக் கொண்டு, எந்திரம் ஈரக் காகிதத்தில் பழுப்புக் கோடு இழுக்கும். சண்டைக் காலத்தில் கொழும்பில் கடற்படைக்காரர்களிடம் கற்ற வேலை. கோட்டைப் பார்த்தே மணலா, பாறையா, மீனா என்று சொல்லிவிடுவான். கடற்கரையில் பிறந்தவனுக்கு மீனை யார் சொல்லித்தர வேண்டும் என்கிற மிதப்பு வேறு. அந்த மிதப்பில்தான் முதல் நாள் கோட்டில் எழும்பியிருந்த ஒரு மேட்டின்மேல் 'சாளைக் கூட்டம்' என்று பென்சிலால் எழுதினான். மறுநாளும் எழுதினான்.

இன்றும் மேடு அங்கேயே இருந்தது. அறுபதடி நீளம். நடுவில் முள்போல ஏதோ நிமிர்ந்து நின்றது.

லாஞ்சைத் திருப்பி நிறுத்தினார்கள். முத்துக்குளிக்கிற கஸ்பார் கல்லைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பாகம் ஆழம் இறங்கினார். மேலே வந்தவர் மூச்சுவாங்கி முடிக்கவில்லை.

"ஏலே பாஸ்கல், மீனுமில்ல மண்ணுமில்ல. தோணி கெடக்கு. பாய்மரம் பாதி ஒடிஞ்சு நிக்கி."

கையிலிருந்த, பாய்க்கயிறு ஓடும் மரக்கப்பியை நீட்டினார். பாஸ்கல் பாசியை வழித்தான். கத்தியால் வெட்டிய 'வி'.

அண்ணன் சிலுவை வெட்டிய எழுத்து. விக்டோரியாவைக் கல்யாணம் கட்டிய புதிதில், கூட்டாளிகள் கேலிசெய்யச் செய்ய வெட்டியது. நாற்பத்துமூன்றில் அவனோடு கொழும்புக்குப் பாய்விரித்த அந்தத் தோணி போய்ச் சேரவேயில்லை.

அப்போது லீவில் வந்த பாஸ்கல், பட்டினி கிடந்த விக்டோரியாவைப் பார்க்கச் சகிக்காமல் ஒன்று சொன்னான்.

"அண்ணன கொழும்புல பாத்தேன் மைனி. கூப்புடுததுக்குள்ள கூட்டத்துல மறைஞ்சிட்டாவ."

அவள் எழுந்து சாப்பிட்டாள். ஒருவாய்ச் சோற்றுக்காகச் சொன்ன பொய்தான். பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். ஊர்வாய் இருக்கும்போது கால் எதற்கு? சிலுவைக்கு அக்கரையில் வேறு பெண்டாட்டி, பிள்ளைகூட இருக்கிறது என்றார்கள். விக்டோரியா தாலியைக் கழற்றவில்லை. செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளில் அவன் பேருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற விடவில்லை. ஐந்து வருடமாக ஒவ்வொரு கொழும்புத் தோணிக்கும் துறைமுகப் பாலத்துக்குப் போய் நின்றாள்.

அவன் கரையிலிருந்து ஒன்பது மைலில் கிடந்திருக்கிறான். அவன்மேல் தம்பி இரண்டு தடவை சாளை என்று எழுதியிருக்கிறான்.

"வீட்டுல யாருலே சொல்லப்போறா?" என்றார் கஸ்பார்.

லாஞ்சு கரைக்கு வந்தபோது பாலத்தில் ஒரு கொழும்புத் தோணி ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. இறங்குகிறவர்களின் முகங்களைத் தேடிக்கொண்டிருந்த விக்டோரியா இவனைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"என்ன தம்பி, கையில கப்பியா? எங்கன கெடைச்சுது? குடுங்க பாப்பம்."

எழுத்து இருந்த பக்கத்தை அவன் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தான். கப்பியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.