ஆர்வில் வாக்ஸ் போட்ட பக்கம்

"இருக்கிறதுலயே சுலபமான கார் வாக்ஸ் எது, நாடீன்? மொதல் தடவை போடுறவனுக்கு."

ஆர்வில் ஸ்டாட்லர் இப்படிக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மனிதர் எண்பதை நெருங்குகிறார். எங்கள் எதிர்வீடு. அவருடைய பியூக் காருக்கு மழை பெய்தால்தான் குளியல். காரைத் துடைக்கிறவர்களைப் பார்த்தால், வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று என்னிடமே எத்தனையோ முறை சொல்லிச் சிரித்தவர்.

"இத்தன வருஷமா தண்ணி காட்டாத வண்டிக்கு இப்ப என்ன மாப்பிள்ளை அலங்காரம்?" என்றேன்.

"ஜோலீன் வர்றா. மெமோரியல் டேக்கு. திங்கட்கிழமையும் லீவாச்சே."

ஜோலீன் அவருடைய ஒரே மகள், கொலம்பஸில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு வந்தபோது வாசலில் நின்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "அப்பா, இன்னொரு கீறல் பாத்தேன்னா சாவியைப் பிடுங்கிட்டுப் போயிடுவேன். சும்மா மிரட்டுறேன்னு நெனைக்காதீங்க." இந்த ஊரில் பஸ் கிடையாது. மளிகைக் கடை, சர்ச், மருத்துவர், முடி வெட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் கார்தான். சாவி போனால் வீடும் போகும், கொலம்பஸில் ஏதோ ஒரு முதியோர் இல்லத்து ஜன்னலோரம்தான் அவருக்கு மிச்சம். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் இந்தக் கார் உதிரிபாகக் கடையின் கவுன்ட்டரில் நின்றே கிழவியாகிக்கொண்டிருப்பவள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்கிற பார்வையோடு உள்ளே வருகிற ஆண்களை வறுத்தெடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆர்வில் அந்த ரகம் இல்லை. அதனால் பொறுமையாக எடுத்து வைத்தேன்.

"இது டப்பால வர்ற கெட்டி வாக்ஸ். பளபளப்பு அள்ளும், ஆனா உங்க தோள்பட்டை கழண்டுடும். புதுசா போடுறவங்க வெண்ணெய் மாதிரி அப்பிடுவாங்க, அது காஞ்சு சுண்ணாம்பா நிக்கும். இது ஸ்பிரே. அடிச்சோமா, தொடச்சோமா, வீட்டுக்குள்ள போய் பீர் குடிச்சோமான்னு இருக்கலாம். உங்களுக்கு இதுதான்."

"கறையை எடுக்குமா?"

"என்ன கறை?"

"சும்மா பொதுவா கேட்டேன்."

"எடுக்காது."

அவர் கண் மூன்றாவது பாட்டிலுக்குப் போனது. "அது?"

"அது தேய்க்கிற மருந்தும் வாக்ஸும் கலந்தது. ஒட்டிக்கிட்டு இருக்கிறதச் சுரண்டி எடுத்துட்டு மெழுகும் பூசும்."

"அதைக் குடு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மொதல்ல வண்டியைக் காட்டுங்க" என்று சொல்லி, அவர் தடுக்கத் தடுக்க வெளியே போனேன்.

மணல் நிற கார். முன்பக்கம் வலது விளக்கின் ஓரத்திலிருந்து கதவு வரைக்கும் ஒரு நீலத் தீற்றல். என் தொடை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. உலோகம் நசுங்கவில்லை, அவருடைய பெயின்ட்டும் உரியவில்லை. வேறு எதனுடைய பெயின்ட்டோ இழுபட்டு இதன்மேல் அப்பியிருந்தது.

"எதுல இடிச்சீங்க?"

"மளிகைக் கடை வாசல்ல கம்பம் இருக்கில்ல. அதுல."

அந்தக் கம்பத்தில் இடிக்காதவர் இந்த ஊரிலேயே கிடையாது. என் வேனிலும் அதன் தழும்பு இருக்கிறது.

"ஆர்வில், அந்தக் கம்பம் மஞ்சள்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப வேற கம்பம்."

"எந்தக் கம்பம்?"

"நீ வாக்ஸ் விக்கிறவளா, போலீஸா?"

சிரித்துவிட்டேன். ஆனால் பொய் சொல்கிறவனுக்கு ஒரு அவசரம் இருக்கும், அடுத்த பொய்யைத் தேடுவான். இவர் எதையும் தேடவில்லை. அடுத்தவன் காரைப் பார்ப்பதுபோல அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குமேல் குடைய எனக்கு மனசு வரவில்லை. எப்படிப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முதலில் கழுவணும், நிழலில் நிறுத்தணும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகணும், கறுப்பு பிளாஸ்டிக்கில் படக் கூடாது. "முழு வண்டிக்கும் போடணும், கேட்டீங்களா?" என்றேன். "தெரியும், தெரியும்" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மத்தியானம் என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், மனிதர் கொளுத்துகிற வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன்.

"நிழல்னு சொன்னேனே, காது கேக்கலயா?"

"கராஜ்ல வெளிச்சம் பத்தல. நீலம் எங்க இருக்குன்னு தெரியல."

வெயில் சூட்டில் வாக்ஸ் காய்ந்து பாறையாகிவிட்டிருந்தது. விளக்கைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஆனால் நீலம் போய்விட்டது. சொட்டுகூட இல்லை. அந்த ஒரு பக்கம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் புழுதி படிந்த பழைய பியூக்.

"கடவுளே! இது கட்டுப்போட்ட விரல் மாதிரி தனியாத் தெரியுதே. மொத்தமும் போட்டாத்தான் சேரும். துணியைக் குடுங்க, நான் போடுறேன்."

"வேணாம். போதும்." மூச்சு வாங்கியது அவருக்கு. துணியை விடவில்லை. "அது போயிடுச்சில்ல? அது போதும்."

"ஜோலீன் என்ன குருடா?"

"போ நாடீன். உன் வேலையைப் பாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் சர்ச் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது ஜோலீனின் கார் நின்றது. அவள் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. பியூக்கின் வலது பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"நாடீன், இது உங்க கடைச் சரக்குதானே?"

"ஆமா. ஆனா போட்டது உங்க அப்பா."

"அப்பா வாக்ஸ் போட்டாரு. எங்க அப்பா! அதுவும் இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்." உள்ளே பார்த்துக் கத்தினாள். "அப்பா! வெளிய வாங்க!"

ஆர்வில் வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். மகளுக்காக அடுப்பில் ஏதோ வைத்திருந்தார்போல, கையில் கரண்டி.

"எதை இடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. லீவுக்கு வர்றியேன்னு கொஞ்சம்..."

"அப்பா, நான் என்ன சின்னக் குழந்தையா? எதை இடிச்சீங்க? கம்பமா, சுவரா? சொல்லித் தொலைங்க. எதுன்னு கேட்டுட்டு சாவியை வாங்கிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

ஆர்வில் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். கம்பம் என்று அவர் சொல்லியிருந்தால் நானும் ஆமாம் போட்டிருப்பேன், சத்தியமாக. கம்பம் மஞ்சளாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் என்ன?

"தெரியல" என்றார்.

"என்ன தெரியல?"

"எதை இடிச்சேன்னு தெரியல, ஜோலீன். புதன்கிழமை கராஜுக்குப் போனேன். வண்டில நீலமா இருந்துச்சு. எப்ப ஆச்சு, எங்க ஆச்சு, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. சத்தம் கேட்ட ஞாபகம்கூட இல்ல." கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "மொதல்ல உனக்குப் பயந்துதான் தேச்சேன். தேச்சு முடிச்சப்புறம் தோணுச்சு. அது கம்பமா இல்லாம இருந்தா?"

ஜோலீன் சண்டைக்குத்தான் வந்திருந்தாள், பாவம், சண்டைக்கு ஆளில்லாமல் போய்விட்டது. அவர் பேன்ட் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் மறுபடி கேட்கக்கூட இல்லை. சாவியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கம்பமாத்தான் இருக்கும்ப்பா. ஏதாவது குப்பைத் தொட்டியா இருக்கும். ஒருத்தருக்கு அடிபட்டிருந்தா இதுக்குள்ள ஊரே பேசியிருக்காதா? நாடீன், நீங்க சொல்லுங்க."

"எங்க கவுன்ட்டருக்கு வராத சேதியே கிடையாது" என்றேன். "ஒண்ணும் வரல."

"அடிபட்டும் சொல்லாம இருப்பாங்கல்ல?" என்றார் ஆர்வில். "நம்ம ஊர்ல சொல்லாம இருக்கிறவங்க எத்தன பேரு."

ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்ததும் உள்ளே ஓடினாள். திங்கட்கிழமை ஷெரீஃப் ஆபீசுக்கும் அவளே போன் போட்டாள். புகார் எதுவும் இல்லை என்றார்களாம். அடுத்த மாதக் கடைசியில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு, பியூக்கின் சாவியோடு கிளம்பினாள்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஆர்வில் வந்தார். நடந்து. எங்கள் கடை நெடுஞ்சாலையில் இருக்கிறது, நடைபாதை கிடையாது. லாரிகள் உரசிக்கொண்டு போகிற ஓரத்தில் வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"அந்த நீலத்தைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது இருக்கா?"

"ஆர்வில்..."

"எடுக்கிறதுக்கு மருந்து இருக்கில்ல. திரும்ப வர்றதுக்கு? அது இருந்தா, எந்த நீலம்னு பாத்து எதோடதுன்னு கண்டுபிடிச்சிடலாம். துணியையும் துவைச்சுட்டேன், நாடீன். வெள்ளை வெளேர்னு இருக்கு."

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். இந்தத் தடவை மட்டும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் கோபப்படவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அந்த வெயிலுக்குள் போகத் திரும்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதர் இப்படியே நடந்து ஊர் முழுக்கத் தேடப்போகிறார்.

"நில்லுங்க" என்றேன். கவுன்ட்டரைக் கூட வேலை செய்கிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வேன் சாவியை எடுத்தேன்.

அவர் வழக்கமாக ஓட்டுகிற வழியிலேயே மெதுவாகப் போனோம். அவர் வலது பக்க ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலமாக எதைப் பார்த்தாலும் நிறுத்தச் சொன்னார். ஒரு தபால் பெட்டி. ஒரு தள்ளுவண்டி. நானும் இறங்கிப் பார்த்தேன். எதிலும் புதிய கீறல் இல்லை, இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

பிறகு ஒரு வீட்டுப் புல்வெளியில் ஒரு நீல சைக்கிள் சாய்ந்து கிடந்தது.

"நிறுத்து."

"ஆர்வில், எல்லா வீட்லயும் சைக்கிள் இருக்கு."

அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். சைக்கிளைத் தொடவில்லை. நேராகப் படியேறிக் கதவைத் தட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வலைக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். "உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே? அடிகிடி எதுவும்?"

"நல்லா இருக்கோம்" என்றாள் அவள். பார்வை அவரைத் தாண்டி என் வேனுக்கு வந்தது. "ஏன்? எதுக்குக் கேக்குறீங்க?"

அவர் வாய் திறந்தார். நன்றி என்று மட்டும் சொல்லி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் எனக்கே கேட்டது. வேனுக்கு வருவார் என்று நான் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். அவர் வரவில்லை. தொப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.