பூட்டிய அறையில் கேட்டது

ஆக்ல்ஸ்பியின் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து செனட் சபைக்கு வந்து போகிறவர். எந்த நாட்டு அரசுக்கு எந்த ஆயுதத்தை விற்கப் போகிறோம் என்று எங்கள் செனட் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குவது அவர் வேலை. கேள்வி கேட்டு இழுத்தடிப்பது என் வேலை. என் முதலாளி செனட்டர் தேயர், குழுவில் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர். அவர் "பொறுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் விற்பனை அப்படியே நிற்கும். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. வெறும் பழக்கம்தான்.

"என்ன லோர்னா, கேள்வி தயாரிக்கவே தனியா ஒரு ஃபாக்டரி வச்சிருக்கீங்களா?" என்பார் ஆக்ல்ஸ்பி.

"நீங்க குண்டு ஃபாக்டரிய மூடுங்க, மறுநாளே நான் இத மூடிடறேன்."

அந்த வருடம் அவர் கொண்டுவந்தது குறிபார்த்து விழும் விமானக் குண்டுகள். வாங்கப்போகிற அரசு ஏற்கெனவே அதே குண்டுகளை நம்மிடம் வாங்கியிருந்தது. அங்கே ஒரு சிறுநகர ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு தரைமட்டமாகியிருந்தது. இயந்திரத்தோடு பிணைந்து படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடவா முடியும்? கலகக்காரர்கள் விட்ட ராக்கெட் என்றது அந்நாட்டு அரசு. அந்த வார்டின் நர்ஸ் பாசிம், இடிபாட்டில் கிடந்த குண்டின் வால் துண்டைப் படம் எடுத்து வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பினார் என்று அவருக்குத் தண்டனை கொடுத்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

பாசிமின் மனைவி டாக்டர் இல்ஹாம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கொடுத்த காபியைத் தொடாமல் பேசினார்.

"ஆயுதத்த நிறுத்துறதும் நிறுத்தாததும் உங்க பாடு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. உங்க செனட்டர் சபையில எந்திரிச்சு, 'அது விமானத்துலருந்து விழுந்த எங்க குண்டு'ன்னு சொல்லட்டும். சொன்னா பதிவாகும்ல? எங்க வக்கீல் அத அப்பீல்ல காட்டுவாரு. பாசிம் பொய் சொல்லலன்னு ஆயிடும், வெளிய வந்துடுவாரு."

தேயர் அந்த வாரமே சொல்லத் தயாராக இருந்தார். நான்தான் தடுத்தேன்.

"செனட்டர், படத்த மட்டும் காட்டினா, 'படம்தானே'ன்னு தட்டிவிட்டுடுவாங்க. நம்ம ராணுவமே என்ன கண்டுபிடிச்சிருக்குன்னு ரகசிய விளக்கம் கேப்போம். அத வாங்கிட்டுப் பேசினா ஒருத்தனும் தப்பிக்க முடியாது."

கேட்டேன். மறுத்தார்கள். விடாமல் கேட்டேன். திடீரென்று ஒருநாள் ஆக்ல்ஸ்பியே போன் செய்து, "வாங்க, எல்லாத்தையும் காட்டறோம்" என்றார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நண்டு சாண்ட்விச் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

கட்டடத்தின் அடித்தளத்தில், போனை வெளியே வைத்துவிட்டு நுழைய வேண்டிய அறை அது. உள்ளே என்ன சொன்னார்கள் என்பதை இங்கேயும் நான் எழுத முடியாது. வெளியே வந்தபோது தேயர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதை மட்டும் சொல்கிறேன். ரகசியக் காப்புக்குப் பொறுப்பான அதிகாரி திருமதி ப்ருடோம் வாசலிலேயே எங்களை மறித்தார்.

"இனிமே அந்த குண்டப் பத்தி ரெண்டு பேரும் வெளிய பேசக் கூடாது."

"இத்தன நாளா பேசிட்டுத்தானே இருந்தோம்? படம் ஊரெல்லாம் சுத்துதே!"

"அப்ப உங்களுக்குத் தெரியாது, பேசினீங்க. இப்பத் தெரியும். ஆமான்னா ரகசியத்த உறுதிப்படுத்தின மாதிரி."

"இல்லன்னு சொன்னா?"

"அதுவும் அப்படித்தான்."

அடப் பாவிகளா! என் வாயை என் கையாலேயே தைத்துக்கொள்ள வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே எங்கள் நாட்டு அரசு எங்கள் "பொறுங்க"வைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, விற்பனையை முறைப்படி அறிவித்தது. தடுக்க ஒரே வழி, சபையில் தீர்மானம் கொண்டுவந்து ஓட்டுக்கு விடுவது. வெளியே சொல்லத்தான் தடை; மற்ற செனட்டர்கள் அந்த அறைக்குப் போய்த் தாங்களே படிக்கலாம். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். "ஒரு அரைமணி நேரம் போய்ப் பாருங்க" என்று கெஞ்சினேன். "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று கேட்டார்கள். அதைச் சொல்ல முடிந்தால் நான் ஏன் கெஞ்சுகிறேன்? ஒருவர் தியானம் பண்ணுகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஃப்ளைட்" என்றார். மூன்றே பேர் போனார்கள்.

தேயரின் உரையை நான் எழுத எழுத, ப்ருடோம் அடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல வேண்டுமானால், கூடவே எதையும் உறுதிப்படுத்தவில்லை என்ற மறுப்பும் இருக்க வேண்டும் என்றார். மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வரி எழுதினேன்: 'அங்கே விழுந்தது யாருடைய ஆயுதம் என்று உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை.'

தேயர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு நான் பேசாமலே உக்காந்திருக்கலாமேம்மா."

"அந்த ஆஸ்பத்திரி பேராவது பதிவாகட்டும், செனட்டர். அந்த டாக்டரம்மாவுக்கு அதாவது கெடைக்கட்டும்."

அவர் பெருமூச்சு விட்டார். என் பேச்சைக் கேட்டார்.

ஓட்டெடுப்பு நாளன்று இல்ஹாம் பார்வையாளர் மாடத்தில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தேயர் அந்த வரியை வாசித்ததும் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். தீர்மானம் தோற்றது. வெளியே வந்த ஒரு செனட்டர் நிருபர்களிடம், "கொண்டுவந்த தேயரே உறுதியா இல்லங்கறாரு, நான் எப்படி ஓட்டுப் போடுறது?" என்றார். அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

நடைவழியில் இல்ஹாம் என்னை நிறுத்தினார்.

"அந்த ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. போயிட்டு வந்தப்புறம் தெரியலங்கறீங்க. அங்க உங்கள என்னதான் பண்ணாங்க?"

தலையாட்டக்கூட எனக்கு அனுமதி இல்லை.

இலையுதிர்காலத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்பீல் தள்ளுபடி ஆயிடுச்சு, லோர்னா."

"ஐயோ! எப்படி? வேற எதாவது புதுசா..."

"புதுசா ஒண்ணு காட்டினாங்க. உங்க செனட்டர் பேச்ச. அரசு வக்கீல் அந்த ஒரு வரிய மட்டும் ரெண்டு தடவ வாசிச்சாரு. 'செஞ்சு வித்த அமெரிக்கக்காரனே உறுதியாச் சொல்ல முடியலங்கறான், ஒரு நர்ஸ் மட்டும் எப்படிச் சொன்னான்?'னு கேட்டாரு. ஜட்ஜ் அதையே தீர்ப்புல எழுதிட்டாரு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"நேத்து பாசிமப் பாக்க விட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. செனட்டருங்க பேச்ச வேற ஆளுங்கதான் எழுதித் தருவாங்களாமே. அந்த வரிய எழுதினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"சரி, சொல்லிடறேன்" என்று போனை வைத்துவிட்டார்.