நூறு எண்ணும் வரை

அப்பாவின் நகங்களில் காய்ந்திருந்த வார்னிஷை மகள் சுரண்டிக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். உடலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அம்மாவிடம் நாலு வார்த்தை ஆறுதல் சொன்னார். நாற்காலி சூடாவதற்குள் வந்த வேலையைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

“அந்த மலைப்பாம்புப் பெட்டி முடிஞ்சிடுச்சாம்மா? இன்னைக்கே கேக்குறாங்க.”

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாம்பு, உடும்பு வளர்ப்பவர்களுக்கு மரப்பெட்டி செய்வதுதான் அப்பாவின் வேலை. பெட்டிக்குள் எப்போதும் ஈரமும் சூடும் இருக்கும். பலகை ஊறிவிடாமலிருக்க மூட்டுகளைச் சிலிக்கான் பசையால் அடைத்து, மேலே மூன்று தரம் வார்னிஷ் பூசுவார். தண்ணீரில் கரைக்கிற, நெடி குறைந்த வார்னிஷ் வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டார். அதில் பளபளப்பு பத்தாது என்று நெடிச் சரக்கையே இறக்கினார் இந்த மகராசன். தூசி ஒட்டுமாம், ஜன்னலையும் திறக்கக் கூடாதாம். பதினோரு வருஷத்தில் அப்பாவின் நுரையீரல் போய்விட்டது.

“முடிஞ்சிடுச்சு. வாங்க,” என்று எழுந்தாள்.

கடைசிப் பூச்சு முந்தாநாள் அப்பா இருமிக்கொண்டே அடித்தது. நெடி போகாமல் இப்படியே கொடுத்தால் பாம்பு செத்துப்போகும், இவர் பெயரும் நாறும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாம்பு என்ன பாவம் செய்தது?

அப்பா வேலை செய்யும் பின்னறையில் பெட்டியின் கதவைத் திறந்தாள்.

“ஒரு நாள் பூரா மூடி வெச்சிட்டு, அப்பா தலைய உள்ள விட்டு நூறு எண்ணுவாரு. நெடி அடிச்சா குடுக்க மாட்டாரு. இப்ப அவர் இல்ல. நீங்களே பாத்துக்கங்க.”

“எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?”

“பாம்பு செத்தா உங்க பேருதான் கெடும்.”

முதலாளி குனிந்து தலையை உள்ளே விட்டார். பன்னிரண்டு எண்ணுவதற்குள்ளேயே இருமல் வந்தது. வெளியே வரப் பார்த்தவரின் முதுகை அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள்.

“எண்ணுங்க. அப்பா பாதியில நிறுத்தினதில்ல.”

அவளே எண்ணினாள். நாற்பதில் அவர் திமிறிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணும் மூக்கும் ஒழுக, பேச்சு வராமல், சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு நடந்தார். அவளுக்கு மனம் குளிர்ந்தது. இன்னும் அறுபது பாக்கி என்றும் தோன்றியது.

கூடத்தில் இருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்து எழுந்து இடம் விட்டார்கள்.

“எவ்வளவு பாசம் வெச்சிருந்தா இப்படி அழுவாரு,” என்றார் மாமா.

முதலாளி இருமிக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, ஐயாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா.”

மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் எடுக்க வேறு யாரோ எழுந்து போனார்கள்.